மழை நாள் பார்த்துப் போனோம்

நோர்வூட்
17.06.2024

அன்புள்ள டிலானி,

தண்ணீர்ப் பூங்கா வாசலில் நான் கையை நீட்டி, "ஏலாத பிள்ளை, சும்மா உள்ளே விடுங்கள்" என்று கெஞ்சியதாகத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். உனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பதைச் சனிக்கிழமை போனில் நீ அழுததிலிருந்து தெரிந்துகொண்டேன். அது தவறு. அவர்களாகவே நீட்டிய இலவச டிக்கெட்டை நான் திருப்பிக் கொடுத்தேன். மழை வருமென்று தெரியாமல் பிள்ளையைக் கொண்டுபோய் நனைத்துவிட்டேன் என்பதும் தவறு. எனக்குத் தெரியும். மழைக்காகக் காத்திருந்துதான் போனேன்.

நீ போனை வைத்துவிட்டாய். நான் திரும்ப எடுக்கவில்லை. தபால் கந்தோரில் வேலை பார்த்தே கிழவியானவள் நான். அழுகைக்கு நடுவே எதையும் விளக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். உன் மகள் கேஷிகாவின் ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்திப் பொறுப்பேற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

சித்திரையில் தோட்டத்து ட்ரிப் அதே பூங்காவுக்குத்தான் போனது. இராமையாதான் ட்ரிப் கமிட்டித் தலைவர். கேஷிகாவுக்கு ஓர் இடம் கேட்டேன். "புள்ளைக்குத்தான் செரமம்ங்க அம்மா. போட்டோ நெறைய எடுத்துட்டு வந்து காட்டுறோம்" என்றார். பஸ் பாட்டுப் போட்டுக்கொண்டு வளைவில் மறையும் வரை அவள் என் முற்றத்தில் நாற்காலியில் இருந்து பார்த்தாள். பிறகு போட்டோக்களைக் காட்ட வந்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மேலே உயர்த்தினால் ஆம், மூடினால் வேண்டாம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கமிட்டிக்குச் சொன்னேன். "தூக்கம் வருதோ என்னமோ" என்றார்கள்.

அவர்கள் போன பிறகு, நாமே போவோமா என்று கேட்டேன். கண் மேலே போனது.

வேன் பிடிக்க உன் கணவன் மதுரனிடமும் வசதி இல்லை, என் ஓய்வூதியத்திலும் இடமில்லை. செல்லசாமியின் மரக்கறி லொறி நுவரெலியா லீக்ஸையும் கரட்டையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மார்க்கெட்டுக்குப் போய் வெறுமையாகத் திரும்புகிறது. அவரிடம் கேட்டேன். "நீங்க லொறியிலயாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். "ஏன் செல்லசாமி, லீக்ஸுக்கு மட்டுந்தான்னு எழுதி வச்சிருக்கா?" என்றேன். நானும் கேஷிகாவும் முன்னுக்கு, மதுரனும் சக்கர நாற்காலியும் மூட்டைகளோடு பின்னுக்கு. கினிகத்தேனை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் அவள் என் மேல் சாய்ந்து சிரித்தாள். நான் செபமாலையைச் சொல்லிச் சமாளித்தேன். மார்க்கெட்டில் சரக்கை இறக்கிய பின் செல்லசாமியே எங்களைப் பூங்கா வாசலில் கொண்டுபோய் விட்டார். லீக்ஸ் மணத்தோடு இறங்கினோம்.

டிக்கெட் கொடுக்கும் பெண் நல்லவள். கேஷிகாவைப் பார்த்ததும் ஒரு வெள்ளை டிக்கெட்டைக் கிழித்து, "இது சும்மா" என்றாள். நான் பலகையை வாசித்தேன். வெள்ளை டிக்கெட் பார்வையாளருக்கு: உள்ளே போகலாம், சுற்றிப் பார்க்கலாம், எதிலும் ஏற முடியாது. ஏறுவதற்கு நீல டிக்கெட். நீல டிக்கெட் உள்ள பிள்ளையோடு துணைக்கு ஒருவர் இறங்கலாம் என்றும் அதே பலகையில் இருந்தது. வழக்கமாக என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெரியவர்கள் நீலத்தை வாங்கிக்கொண்டு, நடக்க முடியாத பிள்ளைக்கு வெள்ளையைக் கொடுத்து நிழலில் நிறுத்துகிறார்கள். அவள் நீட்டியதைத் திருப்பிக் கொடுத்து, நான் கேஷிகாவுக்கு நீலம் வாங்கினேன். நீலம் ஒன்றுக்கும் வெள்ளை ஒன்றுக்கும்தான் எங்களிடம் கணக்குச் சரியாக இருந்தது. மதுரன் அவளுக்குத் துணை. காசு கொடுத்து எடுத்த வெள்ளை டிக்கெட் எனக்கு.

வாசலில் நடந்தது இவ்வளவுதான். இதில் கெஞ்சல் எங்கே இருக்கிறது என்று சொன்னவர்களிடம் நீயே கேள்.

அன்புடன்,
றோசலின் செபஸ்தியாம்பிள்ளை


கட்டுநாயக்க
21.06.2024

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கெஞ்சவில்லை என்பதை நம்புகிறேன். நீங்கள் யாரிடமும் கெஞ்ச மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள். அதுதான் என் கோபம்.

அந்தப் பூங்கா நான் தங்கியிருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம். என் பிள்ளை மலையிலிருந்து இறங்கி இவ்வளவு பக்கத்தில் வந்து போயிருக்கிறாள். அந்த நேரம் நான் மெஷினில் காற்சட்டைக்குப் பை தைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர்கூடச் சொல்லவில்லை. கேட்டால், "அம்மா சொல்ல வேணாம்னாங்க" என்கிறார். எனக்குப் பிள்ளையைப் பார்த்து மூன்று மாதம்.

எப்படித் தெரிய வந்தது தெரியுமா? சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்யும் ஒரு பிள்ளை போனைக் கொண்டுவந்து, "இது உங்க ஊர்ப் பக்கத்துப் புள்ளையாம் அக்கா" என்று காட்டினாள். யாரோ பேஸ்புக்கில் போட்ட வீடியோ. கென்டீன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மழை கொட்டுகிறது. என் பிள்ளை தண்ணீருக்குள் ஒரு டியூப்பில் கிடக்கிறாள். கை இரண்டும் விறைத்து நீட்டியிருக்கிறது, வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. பின்னால் என் வீட்டுக்காரர் பயந்த முகத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறார். "பாவம், இந்தப் பிள்ளை கதறுவது பெற்றவர்களுக்குக் கேட்கவில்லையா" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான பேர் எங்களைத் திட்டியிருக்கிறார்கள். நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

அம்மா, நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நீர்கொழும்புப் பக்கம் சிஸ்டர்மார் நடத்தும் இல்லம் ஒன்றைப் பற்றிப் போன வருடம் சொன்னேன். அங்கே ஓர் இடம் காலியாகியிருக்கிறது. சுத்தமான இடம். கைகால் பயிற்சி கொடுக்க ஆள் வருகிறார். ஞாயிறுதோறும் நான் போய்ப் பார்க்கலாம். ஜூலை கடைசியில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இத்தனை வருடம் பகலில் நீங்கள் பார்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. ஆனால் என் பிள்ளை கதறுவதை ஊர் பார்க்கும்படி இனி நடக்கக் கூடாது.

டிலானி


நோர்வூட்
25.06.2024

அன்புள்ள டிலானி,

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில்: சொல்லியிருந்தால் நீ லீவு போட்டு வந்திருப்பாய். வந்திருந்தால் அவளைத் தண்ணீரில் இறங்க விட்டிருக்க மாட்டாய். போன திருவிழாவில் தேர் சுற்றி வந்தபோது, எல்லாப் பிள்ளைகளும் கயிற்றைத் தொட்டார்கள். நீ அவளை மடியை விட்டு இறக்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் தீர்மானித்தேன். என் தீர்மானம் பிழை என்று நீ சொல்லலாம். உன்னை மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

இனி அந்த வீடியோ.

பூங்காவில் ஓர் ஓடை இருக்கிறது. வட்டமாக ஓடுகிறது, இடுப்பளவுத் தண்ணீர். டியூப்பில் இருந்தால் அதுவே இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் போனபோது தூறல். சற்று நேரத்தில் பெருமழை பிடித்தது. இடி மின்னல் இல்லை. உடனே தண்ணீருக்குள் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பி ஓடிக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். காசு கொடுத்து நனைய வந்தவர்கள் மழைக்குப் பயந்து ஓடியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். மதுரன்கூடச் சிரித்துவிட்டான். "நம்ம பொம்பளைக இந்த மழையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பாங்க" என்றான்.

நான் காத்திருந்தது அதற்குத்தான். தபால் கந்தோரில் சம்பள நாளிலும் பண்டிகை நாளிலும் ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் மனிதர்களின் முகம் எனக்குத் தெரியாது; கையும் காகிதமும்தான் தெரியும். மழை பெய்து ஆள் இல்லாத நாளில்தான் ஒருவரை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க முடியும். எல்லா ஜன்னலுக்கும் அப்படித்தான். சித்திரை விடுமுறையில் கேஷிகா போயிருந்தால், வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்காக அவளை ஓரம் தள்ளியிருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஓடைக்குப் பொறுப்பான பிள்ளை ஒரு சிங்களப் பெண், சிவப்புத் தொப்பி போட்டவள். "கைப்பிடியைப் பிடிக்கத் தெரியாதவர்களை விட முடியாது" என்றாள். சட்டம் சரி என்றேன். மனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். குடையோடு வந்தார். கைக்குழந்தைகளை எப்படி விடுகிறீர்கள் என்று கேட்டேன். தகப்பனோடு இருவர் இருக்கும் டியூப்பில், லைஃப் ஜக்கெட் போட்டு என்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் அது ஆகாது என்றேன். "குழந்தை பாரம் இல்லை, கவிழ்ந்தால் தூக்கிவிடலாம். இவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கூடவே நடக்க வேண்டும். எங்களிடம் ஆள் இல்லை" என்றார். நான் ஓடையைக் காட்டினேன். அதில் மழையைத் தவிர யாரும் இல்லை. சிவப்புத் தொப்பி சும்மா நின்றுகொண்டிருந்தாள். அவர் மனேஜர், விளக்கிச் சொல்ல வேண்டி இருக்கவில்லை.

அந்தப் பெண் டியூப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடக்க, மதுரன் பின்னால் இருந்து பிள்ளையைக் கட்டிப்பிடிக்க, புறப்பட்டார்கள். நீ வீடியோவில் பார்த்த பயந்த முகம் உன் கணவனின் சொந்தப் பயம். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க அம்மா" என்று இடுப்பளவுத் தண்ணீரில் இருந்து கத்தினான். "எழும்பி நின்னா கால் தட்டும் மதுரன்" என்றேன்.

கூரைக்குக் கீழே நின்ற கூட்டம் "அனே பவ்" என்றது. ஐயோ பாவம் என்று அர்த்தம், உனக்குத் தெரியும். ஒரு முறை அல்ல, அவள் கடந்து போகும்போதெல்லாம் சொன்னார்கள். கேஷிகா அவர்களைப் பார்த்துக் கண்ணை இறுக மூடினாள். வேண்டாம் என்று. பிறகு திறந்து, வாயையும் திறந்தாள். அதைத்தான் யாரோ கதறல் என்று எழுதினார்கள்.

அந்த வீடியோவை நீ சத்தத்தோடு கேட்டாயா? கென்டீனில் எதுவும் கேட்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். கேட்டுவிட்டு எழுது. இல்லத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

றோசலின்


கட்டுநாயக்க
30.06.2024

அன்புள்ள அம்மா,

இன்று ஞாயிறு. உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. இரண்டு நாளாக வீடியோவைத் திறக்கப் பயமாக இருந்தது. நீங்கள் சொன்னது பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம். உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

காலையில் உடுப்புத் துவைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்துக் கட்டில் அக்காவிடம் போனைக் கொடுத்து, "நீங்க போடுங்க அக்கா, நான் பாக்க மாட்டேன், கேக்க மட்டும்தான்" என்றேன். சவர்க்காரக் கையோடு திரும்பி நின்றேன்.

அம்மா, அவள் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும். மூச்சுக்குள்ளே, விக்கல் மாதிரிச் சிரிப்பாள். நான் பெற்று வளர்த்து, கேட்டதெல்லாம் அந்தச் சிரிப்புத்தான். இது அது இல்லை. தொண்டை முழுக்கத் திறந்து, மழைச் சத்தத்துக்கும் மேலே போகிறது. முதலில் யாரோ வேறு பிள்ளை என்று நினைத்தேன். அக்காதான், "இந்தா, திரும்பிப் பாரு, உம் மகதான்" என்று தோளைப் பிடித்துத் திருப்பினாள். கை விறைத்திருக்கவில்லை. நீட்டியிருக்கிறாள். தண்ணீரைத் தொட நீட்டியிருக்கிறாள்.

கடைசியில் உங்கள் குரலும் கேட்கிறது. ஆளைக் காணவில்லை, குரல் மட்டும். "தவ வட்டயக்!" என்கிறீர்கள். இன்னொரு சுற்று என்று அந்தப் பெண்ணுக்குச் சிங்களத்தில் கட்டளை போடுகிறீர்கள். ஹொஸ்டலில் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது தண்ணீர்க் குழாயடியில் யாராவது அதிக நேரம் எடுத்தால், "தவ வட்டயக்" என்று கத்துகிறார்கள்.

அந்த வீடியோவுக்குக் கீழே நானும் எழுதினேன். "நான் இந்தப் பிள்ளையின் அம்மா. என் மகள் சிரிக்கிறாள். போனின் சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்" என்று எழுதினேன். இவ்வளவுதான் எழுதினேன். மாலைக்குள் போட்டவர் அதை எடுத்துவிட்டார். எடுக்கும் முன்னால் அக்கா அதை என் போனில் இறக்கித் தந்துவிட்டாள்.

ஆனால் அம்மா, சொல்லாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சிரிப்பை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும். இல்லத்தைப் பற்றி என்ன செய்வது என்றும் தெரியவில்லை. சிஸ்டர் பதில் கேட்கிறார். அவள் எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு வேறு வழி தெரியாமல்தான் அந்த முடிவு எடுத்தேன்.

உங்கள் மகள் மாதிரி,
டிலானி


நோர்வூட்
05.07.2024

அன்புள்ள டிலானி,

இல்லம் நல்ல இடம்தான். நானும் விசாரித்தேன். அந்தச் சிஸ்டர்மாரைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நீயும் எழுதினாய், நானும் எழுதினேன். போக வேண்டியவளிடம் எவரும் கேட்கவில்லை. நேற்று நான் கேட்டேன்.

மதுரனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன். என் விருப்பம் குரலில் தெரியக் கூடாது என்பதற்காக, பூசையில் வாசகம் வாசிப்பதுபோலக் கேட்டேன். சிஸ்டர்மாரின் இல்லத்துக்குப் போக விருப்பமா? கண்ணை மூடினாள். இப்போது இருப்பதுபோலவே, அம்மா தூரத்தில், பகலில் என்னோடு, இப்படியே இருக்க விருப்பமா? மேலே பார்க்கவில்லை, மூடவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தாள். அம்மாவோடு இருக்க விருப்பமா என்று கேட்டேன். கண் மேலே போனது. போனது இறங்கவில்லை. மதுரன், "போதும்மா, போதும், வெளங்கிருச்சு" என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவள் ஜன்னலைப் பார்த்ததை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியிருக்கிறேன்.

அடுத்த முறை உன்னிடம் சொல்லாமல் அவளை எங்கும் கூட்டிப் போக மாட்டேன். இதை மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதே. ஒழுங்கு என்று எடுத்துக்கொள்.

கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். வழி கண்டுபிடிப்பது பெரியவர்களின் வேலை.

றோசலின்


கட்டுநாயக்க
14.07.2024

அன்புள்ள அம்மா,

சிஸ்டரிடம் நேரில் போய், வேறு பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

எங்கள் கம்பெனிக்கு ஹட்டன் பக்கத்தில் ஒரு சின்னக் கிளை இருக்கிறது. அங்கே மாற்றம் கேட்கவே வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன். ஓவர்டைம் குறைவு, கையில் வருவது குறையும், கொழும்புப் பக்கம் போய் முடியாமல் திரும்பி வந்தாள் என்று லயத்தில் சொல்வார்கள். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு மேற்பார்வையாளரிடம் போய் நின்றேன். "ஏன் போகப் போற? இங்க நல்லாத்தானே இருக்க?" என்று கேட்டார். "என் மக கேட்டா சேர்" என்றேன். "மகளுக்குப் பேச வராதுன்னு சொன்னியே?" என்றார். "பேச வராது, கேட்டா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். செப்டெம்பர் முதல் ஹட்டனில் வேலை. தினமும் வீட்டுக்கு வரலாம்.

பகலில் அவள் உங்களோடுதான் இருப்பாள். அதையும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன்.

டிலானி


நோர்வூட்
20.07.2024

அன்புள்ள டிலானி,

உன் கடிதத்தைக் கேஷிகாவுக்கு உரக்க வாசித்தேன். செப்டெம்பர் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டாள். நிறுத்தினேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. தொண்டை கட்டிவிட்டது.

இனி ஒரு செய்தி. செவ்வாய்க்கிழமை இராமையா என் வீட்டுக்கு வந்தார். கமிட்டியில் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சித்திரையில் அவர்கள் போன அன்று ஒரே சனம், வெயிலில் வரிசையில் நின்றே பொழுது போய்விட்டது, முக்கால்வாசிப் பிள்ளைகள் எதிலும் ஏறவில்லையாம். கேஷிகா ஏறியதைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளைகள் வீட்டில் சண்டை பிடிக்கிறார்களாம். இப்போது தோட்டத்தில் கொழுந்து குறைவு. கிழமையில் இரண்டு நாள் வேலை இல்லை. "அப்பிடி ஒரு நாளுல, மழையாப் பாத்து நீங்களே ஒரு தேதி சொல்லுங்க அம்மா. டிக்கெட்டையும் நீங்களே பாத்து எடுத்துக் குடுத்துட்டா நல்லது" என்றார்.

"எனக்கு ரெண்டு கண்டிசன் இருக்கு இராமையா" என்றேன்.

"சொல்லுங்க."

"பஸ்ல முன் சீட்டு கேஷிகாவுக்கு."

"அது நாங்களே முடிவு பண்ணிட்டோம்ங்க."

"போட்டோ எடுத்தா அவகிட்ட கேட்டுட்டு எடுக்கணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எழும்பி, அவளுடைய நாற்காலிக்கு முன்னால் குனிந்து, "அன்னைக்கு உன்னைய விட்டுட்டுப் போனது தப்புத்தான் தாயி. இந்தத் தடவ எங்க கூட வர்றியா?" என்று அவளிடமே கேட்டார். அவள் அவரை நன்றாகக் காக்க வைத்தாள். கமிட்டி முழுவதும் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகுதான் கண்ணை உயர்த்தினாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் பதினான்காம் திகதி, புதன்கிழமை என்று தேதி குறித்திருக்கிறேன். மழை பெய்யும் என்று நம்புகிறேன். பெய்யாவிட்டாலும் போவோம்; அந்தச் சிவப்புத் தொப்பிப் பெண்ணுக்கு மதுரனைக் கொண்டு போன் செய்வித்தேன், அன்று ஓடையில் அவள்தானாம், வரச் சொன்னாள். கேஷிகாவுக்கு மறுபடியும் நீல டிக்கெட். துணைக்கு ஒருவர் இறங்கலாம். மதுரன் தண்ணீரைக் கண்டால் வியர்க்கிறான். நான் வெள்ளை டிக்கெட்காரி. கரையில் நின்று சுற்றுக்களை எண்ணுவது என் வேலை.

துணைக்கு யார் இறங்குவது என்று அவளிடம் கேட்டேன். அவள் பதிலை நான் எழுதப் போவதில்லை. உனக்கே தெரியும்.

ஆகவே அன்றைக்கு லீவு கிடைக்குமா, தண்ணீரில் இறங்குவாயா என்ற இரண்டுக்கும் பதில் வேண்டும். போனில் வேண்டாம். எனக்கும் எழுத வேண்டாம். உறையில் செல்வி மதுரன் கேஷிகா என்று பெயரைப் போட்டு, அவளுக்கே எழுது. இந்த வீட்டுக்கு எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது. அவள் பெயருக்கு இதுவரை ஒன்றுகூட வந்ததில்லை. தபால்காரரிடம் சொல்லிவிட்டேன், அவள் மடியில்தான் வைப்பார்.

இந்தக் கிழமைக்குள் எழுத்தில் பதில் அனுப்பவும்.

அன்புடன்,
றோசலின் செபஸ்தியாம்பிள்ளை